எட்டு மணிநேரச் சராசரி

காலை ஆறு இருபதுக்கு
டெரியேயின் சட்டைக் கழுத்தில்
ஒரு வடிதாளைக் குத்திவைத்தேன்.
இடுப்பில் பம்பு.
நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் காற்று,
அவன் இழுக்கும் அதே காற்றை
அதுவும் இழுக்கும்.
"என்னைவிட ஒழுங்காக மூச்சு விடுகிறதே" என்றான்.
வெளியே ஃபியோர்டின்மேல்
இன்னும் விடியவில்லை.

வறுப்புக் கூடத்தில் இரண்டு தூள்.
பச்சை, நீரில் கரையும்.
கறுப்பு கரையாது;
நுரையீரலில் குடிவந்தால்
காலி செய்யாத வாடகைக்காரன்.
இரண்டுக்கும் பெயர் நிக்கல்.
இரண்டுக்கும் ஒரே எண் போதுமா என்பது
ஆறு வருட வழக்கு.

ஆஸ்லோவில் ஒரு மேசை.
சுற்றிலும் பதினோரு பேர்.
முதலாளிகளுக்கு ஒருவர்,
தொழிற்சங்கத்துக்கு ஒருவர்,
நச்சியல் படித்தவர்கள் மூவர்.
எலிகளுக்கு யாருமில்லை.
எந்த அளவில் எலியின் நெஞ்சு சிவந்ததோ
அதை வகுக்கிறார்கள்,
எலி மனிதனல்ல என்பதற்காக.
மறுபடி வகுக்கிறார்கள்,
மனிதனும் மனிதனும் ஒன்றல்ல என்பதற்காக.
கடைசியில் மிஞ்சுவது
ஒரே ஒரு உப்புத் துகளைப் பொடித்து
ஒரு குளியலறை முழுக்கத் தூவினால்
எவ்வளவோ, அவ்வளவு.
இம்மி என்றால்கூட அதிகம்.
அப்போது ஒருவர் தொண்டையைச் செருமுகிறார்:
"இத்தனை கீழே போனால்
உலையை மூட வேண்டியதுதான்."
புள்ளிக்குப் பின்னால் நின்ற சுழியம்
மெல்ல எழுந்து வெளியே போகிறது.
காப்பி வருகிறது.

நான் அந்த மேசையில் இல்லை.
அதற்கு எண்கள் அனுப்புகிறவள்.

பிற்பகல் இரண்டு இருபதுக்குப் பம்பைக் கழற்றினேன்.
தராசு அறையில்
கதவை இரண்டு தடவை சாத்தி
மூச்சை அடக்கிக்கொண்டு நிறுத்தேன்.
தாள் வெளுப்பாக இருந்தது.
அந்தக் கூடத்தில் எட்டு மணிநேரம் நின்ற எதுவும்
இப்படி வெளுத்திருக்க முடியாது.
நுண்ணோக்கியில் வைத்தேன்.
கோதுமை மாவு.
நீலக் கம்பளி இழை ஒன்று.
இடித்த ஏலக்காயின் தோல்.

உணவகத்தில், மேல்கோட்டு மாட்டும் கொக்கியில்,
குன்வோர் சுட்டுக் கொடுத்த ரொட்டிப் பைக்குப் பக்கத்தில்
நாள் முழுக்கத் தொங்கியிருக்கிறது பம்பு.
கறுப்புத் தூளை அளந்தது
டெரியேயின் நெஞ்சு மட்டும்.
அதற்குத் தராசு கிடையாது.

கார் நிறுத்துமிடத்தில் பிடித்தேன்.
"யார் சொல்லிச் செய்தாய்?"
"யாரும் சொல்லவில்லை.
எண் மோசமாக வந்தால் வடக்குக் கூடத்தை மூடுவார்கள்.
எனக்கு ஐம்பத்து மூன்று, ஓஷில்.
வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருடம்."
பனியை ஷூவால் தேய்த்தான்.
"எப்படிக் கண்டுபிடித்தாய்?"

"ஏலக்காய்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான்.
"அதில் ஏலக்காயா போடுகிறாள்?" என்றான்.
மூன்று குளிர்காலமாக
அவனுக்கு எதுவும் மணக்கவில்லையாம்.
சளி என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்,
வைத்தியரிடம், அவளிடம்.
பையைத் திறந்து
ஒரு ரொட்டியை என் கையில் வைத்தான்,
சோதித்துச் சொல் என்பதுபோல.
"இதைப் பற்றி யாரிடமும்
மூச்சு விடாதே."

அட்டவணையில் நூற்று நாற்பத்தேழாம் மாதிரி.
"கண்டறியும் அளவுக்குக் கீழே" என்று எழுதலாம்.
பொய்யில்லை, தாள் அதைத்தான் சொல்கிறது.
சராசரி இறங்கும்,
கூடம் நிற்கும்,
ஒன்பது வருடம் ஓடும்.
என் விரல் அந்த வரியில்
நினைத்ததைவிட நேரம் நின்றது.

பிறகு "செல்லாது" என்று குறித்தேன்.
காரணம் என்ற கட்டம் சிறியது.
அவன் பெயரை எழுதவில்லை.
ஏலக்காய் என்று எழுதினேன்,
அடித்தேன்,
மறுபடி எழுதினேன்.
மேசையில் யாராவது கேட்கட்டும்.
கேட்டால் போவேன்,
அந்த ரொட்டியையும் எடுத்துக்கொண்டு.